சம்மனசுக்கும் ஒட்டகத்துக்கும் ஒரே வயரு

அக்கா, அந்தப் பையை மட்டும் மிதிச்சிராதீங்க. உள்ள பல்தசார் ராசாவோட மூளை இருக்கு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். கிறிஸ்துமஸ் குடில்ல ஒட்டகத்துல மூணு ராசாக்கள் வருவாவல்லா? அதுல மூணாவது ஆளு. அவரை நடக்க வைக்கிற போர்டு இது. பாருங்க, தீப்பெட்டி கணக்கா எவ்வளவு சின்னதா இருக்கு. எங்க ஊரு குடில்ல யாரும் சும்மா நிக்க மாட்டாவ. சூசையப்பர் மரம் அறுப்பாரு. இடையன் தலையைச் சொறிவான். மேல இருந்து சம்மனசு இறங்கும். சம்மனசுன்னா தேவதூதர் அக்கா, எங்க கடற்கரைப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

நீங்களும் மதுரை வரைக்கும்தானே? பஸ்சு போய்ச் சேர நேரம் கிடக்கு, அப்ப முழுசாவே சொல்லலாம். தூக்கம் வந்தா சொல்லிருங்க. நிறுத்த மாட்டேன், சத்தத்தைக் குறைச்சுக்கிடுதேன்.

என் பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெக்க கீழத்துறைன்னு ஒரு ஊரு. அங்க 'ஞானம் சவுண்ட் சர்வீஸ்' எங்க கடை. அப்பாவுக்குக் கால் முட்டு போன பொறவு நான்தான் நடத்துதேன். கல்யாணம், சாவு, கோவில் திருநாள், எதுனாலும் மைக் செட்டும் லைட்டும் நான்தான். வயசு முப்பத்தி நாலு. கல்யாணம் ஆகலை. நீங்க கேக்குமுன்னால நானே சொல்லிட்டேன், எல்லாரும் ரெண்டாவது கேள்வியா அதைத்தான் கேப்பாவ.

எங்க மறைமாவட்டத்துல வருசா வருசம் குடில் போட்டி உண்டு. ஊரு ஊருக்கு நடுவர்கள் வந்து பாப்பாவ. போன தடவை எங்க ஊரு இளைஞர் இயக்கம் செஞ்சுது. எல்லாம் வைஃபை, வயரே வேண்டாம்னு சொன்னானுவ. நடுவரோட ஆயரும், அதான் பிஷப்பு, வந்திருந்தாரு. ஊரே செல்போனைத் தூக்கிப் படம் புடிக்க ஆரம்பிச்சதும் வைஃபை செத்துப் போச்சு. சம்மனசு பாதி வழியில தலைகீழாத் தொங்கிச்சு அக்கா. பாவாடை முகத்துல விழுந்து, உள்ள இருந்த பிளாஸ்டிக் பைப்பு ரெண்டும் ஆயருக்கு நேரா நின்னுது. பக்கத்து ஊரு வடக்குத்துறைக்காரன் இன்னைக்கும் மீன் ஏலத்துல எங்காளைக் கண்டா ரெண்டு கையையும் கீழ தொங்கப் போட்டுக் காட்டுதான்.

இந்த வருசம் ஃபாதர் அமலதாஸ் சொல்லிட்டாரு: "இன்னொரு தடவை மானம் போகக் கூடாது. பொம்மைகளை நிக்க வச்சு ஜெபம் சொல்லிட்டுப் போயிருவோம்." எனக்கு ஆத்திரம் வந்துட்டுது. எழுந்திரிச்சு, "ஃபாதர், எங்கிட்ட கொடுங்க. வயர் போட்டு ஓட்டிக் காட்டுதேன். ஓடலைன்னா கடைப் போர்டைக் கழட்டிருதேன்"னுட்டேன். வாய் சும்மா இருந்தா அது ஜெசிந்தா வாய் இல்ல. அம்மா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. கடைப் போர்டுல இருக்கிறது அவிய புருசன் பேருல்லா.

ஆனா எனக்கு வயரு தெரியும் அக்கா. மைக் கேபிள் பாத்திருக்கீங்களா? உள்ள ரெண்டு கம்பியை முறுக்கி விட்டிருக்கும். வெளிய இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா ஏறும், ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா இரைச்சல் காணாமப் போயிரும். போர்டுங்க பேசிக்கிடுறதும் அதே சங்கதிதான். போர்டுன்னா மூளை. ஆனா மூளைக்குத் தூரமாப் பேசத் தெம்பு கிடையாது, பக்கத்துல இருக்கவன்கிட்ட முணுமுணுக்கும், அவ்வளவுதான். நீள வயர்ல கத்துறதுக்கு ஒரு தொண்டை வேணும். அந்தத் தொண்டைக்குத்தான் தனியா ஒரு சிப்பு போடணும். நான் போட்டது ஃபோர் எய்ட்டி ஃபைவ்னு ஒரு சிப்பு. விலை மலிவு, எங்கயும் கிடைக்கும். என் மேசையில இருக்கிற பெரிய போர்டு ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டாத்தான் வாய் திறக்கணும். சூசையப்பரே, அறும். இடையா, சொறி. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு.

இங்கதான் பெப்பின் வந்தான்.

பெப்பின் எங்க ஊருதான். பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு வகுப்பு கீழ. சரக்குக் கப்பல்ல எலக்ட்ரிக்கல் ஆபீசர். லீவுல வந்தவன் அம்மா வச்ச மீன்குழம்பைத் தின்னுட்டு வீட்டுல கிடக்கலாம்லா? குடில் பக்கம் வந்து, கையைக் கட்டிக்கிட்டு என் வயரைப் பாக்கான். பாத்துட்டு, "ஜெசி, இது தப்பு"ங்கான்.

என் வயர்ல தப்பாம்!

"கேன் சிப்பு போடு"ங்கான். "காருலயும் கப்பல்லயும் அதான். உன் சிப்புல ஒரு நேரத்துல ஒருத்தன்தான் பேசணும். ரெண்டு பேரு வாயைத் திறந்தா ஒருத்தனை ஒருத்தன் இழுத்துச் சூடாகிச் செத்துப் போவான். கேன்ல ரெண்டு பேரு சேந்து பேசினாலும் யாரும் சாக மாட்டான்."

"என் குடில்ல ரெண்டு பேரு சேந்து பேச மாட்டாவ. நான் விட மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும் அக்கா, இடது பக்கம். அதுவும் முழுசா விழாது.

அன்னையில இருந்து தினமும் வந்தான். ஒரு நாள் வயர் நீளம் பாக்கணும்பான். ஒரு நாள் முனையில தடை, அதான் ரெசிஸ்டர், போட்டியாம்பான். ஒரு நாள் ஒண்ணும் சொல்லாம பருத்திப்பால் வாங்கிட்டு வந்து வச்சுட்டு நின்னான். என் சிப்புல அவ்வளவு சந்தேகம் அவனுக்கு! ஒரே ஒரு நாள் வரலை. எனக்குக் கோவம். குறை சொல்லுறவன் ஒழுங்கா தினமும் வந்து சொல்லணும்லா? நான் அவன் வீட்டுக்குப் போயி வயர் பத்த வைக்கிற ஈயம் கேட்டேன். ஈயம் கடையில இருந்துது, ஆனா அது வேற ஈயம். காய்ச்சல்ல படுத்திருந்தான். மூணு தரம் பாத்துட்டு வந்தேன். ஈயம் பத்தலை.

பொறவு ஒத்திகை வந்தது. ஊரே கூடியிருக்கு. நான் மேசையில ராணி மாதிரி உக்காந்திருக்கேன். சூசையப்பர் அறுக்காரு, இடையன் சொறியுதான், சம்மனசு இறங்குது. பெப்பினைப் பாத்துப் புருவத்தைத் தூக்கினேன். அப்பம் பாத்துக் கரண்டு போச்சு. ஜெனரேட்டரைப் போட்டாவ. எல்லாப் போர்டும் ஒரே நேரத்துல கண்ணு முழிச்சுதா, முழிக்கையில எந்தச் சிப்புக்கும் நான் பேசணுமா சும்மா இருக்கணுமான்னு தெரியலை. எல்லாரும் சேந்து பேச ஆரம்பிச்சுட்டாவ!

அய்யோ அக்கா, அதை எப்படிச் சொல்ல! மூணு ராசாக்களும் பின்னால நடந்து போயி ஏரோது அரண்மனைக்குள்ள நுழைஞ்சிட்டாவ. சூசையப்பர் கோவேறு கழுதையை அறுக்காரு. சம்மனசு மேலயும் கீழயும் மேலயும் கீழயும், கிணத்து வாளி கணக்கா. இடையன் தலையைச் சொறியுற கை வேகம் எடுத்து அவன் தலையையே கழட்டி எறிஞ்சிட்டுது. தலை உருண்டு போயி ஃபாதர் காலடியில நின்னுது. ஃபாதர் சிலுவை போட்டுக்கிட்டாரு. பொறவு ஒரு வாடை வந்துது பாருங்க, சிப்பு கருகுற வாடை.

ஊரு சிரிச்சுது. மேசைக்கு அடியில குனிஞ்சு வயரைத் தேடுற மாதிரி இருந்தேன். பெப்பினும் குனிஞ்சான். நான் சொன்னேனா இல்லையான்னு கேப்பான்னு நினைச்சேன். கேக்கலை. "முழிக்கையில வாயை மூடி வைக்க ஒவ்வொரு சிப்புலயும் ஒரு தடையைப் போட்டிருந்தா இதுவே ஒழுங்கா இருந்திருக்கும் ஜெசி. உன் கணக்கு தப்பு இல்ல"ன்னான். அப்பம்தான் எனக்கு அழுகையே வந்துது. இத்தனை நாள் தப்பு தப்புன்னவன் அன்னைக்குப் பாத்துத் தப்பு இல்லங்கான்!

எரிஞ்ச சிப்புக்கு வேற வாங்கணும். அதே சிப்பா, அவன் சொல்லுற சிப்பான்னு விடிய விடிய யோசிச்சேன். காலையில போயி, "கேன் வாங்குவோம். நீ சொன்னதுக்காக இல்ல, நானே யோசிச்சு முடிவு பண்ணினேன்"னேன். "ஆமா, நீயேதான்"னான்.

ரெண்டு பேரும் இதே பஸ்சுலதான் மதுரைக்கு வந்தோம். பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு சிப்பை நீட்டினாரு. பெப்பின் விரலை நாக்குல நனைச்சு அது முதுகுல தேச்சான், எழுத்து அழிஞ்சு போச்சு. டூப்ளிகேட்டு! நான் சண்டைக்குப் போயிட்டேன். அப்பம் நல்லதை எடுத்தாரு, ஆனா அஞ்சு வோல்ட்டு. எங்க போர்டுங்களுக்கு மூணுதான். "அஞ்சு வோல்ட்டுத் தொண்டை கத்துனா மூணு வோல்ட்டுக் காது செவிடாயிரும், மூணு வோல்ட்டுச் சிப்பு எடுங்க"ன்னு நான் கத்த, பெப்பின் மெதுவா அந்த நம்பரைச் சொன்னான். கடைக்காரர் எங்களைப் பாத்துச் சிரிச்சு, "உங்க வீட்டுக்காரரு பொறுமைசாலி மேடம்"னாரு. நான் அதைக் கவனிக்கவே இல்ல, சிப்பு நம்பரைப் பாத்துக்கிட்டிருந்தேன். பெப்பினுக்குத்தான் காதெல்லாம் செவந்து போச்சு. மதுரை வெயிலு அப்படி.

புதுச் சிப்புக்குக் கால் வேற மாதிரி. அதனால எல்லாப் போர்டையும் பிரிச்சு மறுபடி ஈயம் வைக்கணும், நாளும் இல்ல. மாதா சபைப் பொம்பளைகளைக் கூப்பிட்டேன். வலையில மணி கோத்த விரலுங்க, நடுங்காது. ஜெபமாலை சொல்லிக்கிட்டே ஈயம் வச்சாவ அக்கா. ஒரு மந்திரத்துக்கு ஒரு காலு. பெப்பின் ஒவ்வொண்ணாச் சோதிச்சான், நான் அவன் சோதிச்சதைச் சோதிச்சேன். அவன் நீட்ட, நான் வாங்க, அவன் கை சூடா இருந்துது. சால்டரிங் புடிச்ச கைல்லா.

போட்டி நாளு. நடுவர்கள் வந்து முன்வரிசையில உக்காந்துட்டாவ. வடக்குத்துறைக்காரனும் வேடிக்கை பாக்க வந்திருந்தான். சுவிட்சைப் போட்டேன். எல்லாரும் அவனவன் வேலையைச் செய்யுதான். கரண்டு போச்சு, ஜெனரேட்டர் வந்துது, ஒரு பொம்மை கூட ஆடலை, விட்ட இடத்துல தொடங்கிச்சு. நான் மூச்சு விட்டேன். அப்பம்தான் ஆட்டைப் பாத்தேன்.

ஆடுன்னா உயிருள்ள ஆடு அக்கா. ஃபாதரோட யோசனை, தொழுவம்னா ஒரு ஆடாவது இருக்கட்டும்னு. அது எட்டி என் வயரோட கடைசி முனையைத் தின்னுக்கிட்டிருக்கு! முனையில போட்ட தடையையும் சேத்து முழுங்கிட்டுது. ஓடிப் போயி புடிச்சா நடுவர் பாத்துருவாரு. பெப்பின் அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுதான், இரு, இருன்னு. நான் மேல பாக்கேன். சம்மனசு இறங்குது. ஆடிக்கிட்டே இறங்குது. பாலனுக்கு நேரா வந்து ரெக்கையை விரிச்சு நின்னுது அக்கா! போர்டுங்களை வேகமாக் கத்த விடாம நாங்க மெதுவாப் பேச வச்சிருந்தோம், அதனால மறுமுனையில இருந்த தடை ஒண்ணே தாங்கிக்கிடுச்சு.

கை தட்டுற சத்தம் கடல் வரை போயிருக்கும். நான் ஓடிப் போயி பெப்பினைக் கட்டிப் புடிச்சுட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க அக்கா. சந்தோசத்துல யாரும் செய்யுறதுதானே? பக்கத்துல ஆடு நின்னிருந்தா ஆட்டைக் கட்டியிருப்பேன். உள்ளபடிக்கு ஆடு இன்னும் பக்கத்துலதான் நின்னுது, ஆனா அதுக்கு வாய் முழுக்க வயரு. நடுவர் எதிர்க்க, ஃபாதர் எதிர்க்க, மாதா சபை எதிர்க்க. வடக்குத்துறைக்காரன் விசில் அடிச்சான். முதல் பரிசு எங்களுக்குத்தான். நடுவர் மைக்குல, "ஆட்டின் இயல்பான நடிப்பு மிகச் சிறப்பு"ன்னாரு. என் மைக்குலதான் சொன்னாரு.

அன்னையில இருந்து ஊருல எல்லாரும் என்னைப் பாத்தா ஒரு மாதிரி சிரிக்காவ. பரிசு வாங்கின பொறாமை.

மூணு ராசாக்கள் திருநாள் முடிஞ்சு குடிலைப் பிரிச்சோம். எல்லாரும் போயாச்சு, நானும் பெப்பினும் வயரைச் சுருட்டிக்கிட்டிருந்தோம். அன்னைக்கு அவன் ஒரு மாதிரியாவே இருந்தான். வயரைச் சுருட்டுதான், பிரிக்கான், மறுபடி சுருட்டுதான். பொறவு சொல்லுதான், "ஜெசி, இன்னும் ஒரே ஒரு தடவை கப்பலுக்குப் போயிட்டு வந்துருதேன். பொறவு கரையிலேயே இருந்துரலாம்னு பாக்கேன். உனக்கு இதெல்லாம் ஒத்தையில கஷ்டமா இருக்கும்லா. கூட ஒரு ஆளு இருந்தா?"

நான் சொன்னேன், "எதுக்கு? ஒத்தையிலேயே பாத்துக்கிடுவேன். இனி தொந்தரவே வராது."

"அது சரி. ஆனா எப்பவும் நீ ஒருத்தியே பேசணும்னு இல்லாம, ரெண்டு பேரும் பேசிக்கிடுற மாதிரி..."

"அதான் கேன் போட்டாச்சே பெப்பின், இன்னும் என்ன?"

"கடைசி வரைக்கும்னு கேட்டேன்"னான். நான், "கடைசி வரைக்கும் நல்ல வயருதான், முனையை மட்டும்தான் ஆடு தின்னுட்டுது, அதை வெட்டிருவோம்"னேன். சிரிச்சான். கன்னத்துல குழி விழலை. சுருட்டின வயரைக் கீழ வச்சுட்டுப் போயிட்டான். அதுக்குப் பொறவு கடைப் பக்கமே வரலை. நாலு நாள் கழிச்சு அவங்க அம்மா வந்து, "பிள்ளே, என் மவன் மேல உனக்கு ஏதும் வருத்தமா?"ன்னு கேட்டாவ. நான் உள்ளதைச் சொன்னேன், "சால்டரிங் கொஞ்சம் தடிப்பா வைக்கான் மாமி, மத்தபடி ஒண்ணும் இல்ல"ன்னு. அவிய தலையில அடிச்சுக்கிட்டுப் போனாவ. நான் என்ன சொல்லிட்டேன்னு அடிச்சுக்கிட்டாவளோ.

இன்னைக்குத்தான் அவன் கிளம்புதான். மதுரையில விமானம் ஏறி துபாய் போயி அங்க கப்பலாம். வீட்டாளு எல்லாம் காலையிலேயே காருல போயாச்சு. நான் போகலை. எனக்கென்ன? எனக்கு மதுரையில பல்தசார் போர்டுக்கு ஒரு சிப்பு வாங்க வேண்டியிருக்கு, அது இன்னைக்கு அமைஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஆமா, அடுத்த டிசம்பருக்குத்தான் வேணும். முன்னாலயே வாங்கி வைக்கக் கூடாதா?

என்னக்கா? ஏன் வாயைப் பொத்துறீங்க?

என்ன சொல்லுதீங்க? மறுபடி சொல்லுங்க. வயரைப் பத்தி இல்லையா? அப்ப வேற எதைப் பத்தி...

"கூட ஒரு ஆளு இருந்தா"ன்னு சொன்னான். "கடைசி வரைக்கும்"னு சொன்னான்...

அக்கா.

அய்யோ அக்கா! நான் அதுக்கா ஒத்தையிலேயே பாத்துக்கிடுவேன்னேன்? வெட்டிருவோம்னேனே அக்கா! அவங்க அம்மாகிட்ட சால்டரிங்குன்னேனே! அவிய பொண்ணு கேட்டுல்லா வந்திருக்காவ! ஏர்போர்ட்டு தாண்டிட்டுதா? தாண்டலையா? இருங்க, இருங்க, போனு எங்க. பேரு தட்டுப்பட மாட்டேங்குது, நீங்க அமுக்குங்க. பெ, ஆமா, பெப்பின் அவன்தான். ரிங் போகுதா?

அலோ! ஏல பெப்பின்! உள்ள போயிட்டியா? போகாத, வெளிய நில்லு! நான் ஜெசி. பஸ்சுல. ஏல, அன்னைக்கு நீ கேட்டது வயரைப் பத்தியா, என்னையப் பத்தியா?... கேக்கலை, பஸ்சு இரையுது, சத்தமாச் சொல்லு!

ம்.

ம்.

ஏன்ல, இதை அன்னைக்கே நேராச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கேன் சிப்புன்னுல்லா நினைச்சேன்!... ஆமா. ஆமான்னு சொல்லுதேன். எதுக்கு ஆமாவா? கட்டிக்கிடுதேன்னு சொல்லுதேன்! பஸ்சுல எல்லாரும் கேட்டாச்சு, இனி மாத்திச் சொல்ல முடியாது... அழுறியா? ஏல, உங்க அம்மா பக்கத்துல நிக்காவளா? அவியகிட்ட போனைக் கொடு. இல்ல, வேண்டாம், கொடுக்காத, வெக்கமா இருக்கு! அங்கேயே நில்லு, வாரேன்.

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. கண்டக்டர் அண்ணே! ஏர்போர்ட்டுக்குத் திரும்புற இடத்துல இறங்கணும். ஸ்டாப்பு இல்லையா? இருக்கட்டும் அண்ணே, மெதுவாப் போனாலே போதும், நான் குதிச்சிருவேன். பாருங்க, இந்த அக்கா கூட அழுதாவ.

அண்ணே, விசில் அடிங்கண்ணே!